மேல் பக்கத்துல ரப்பர்

— இங்கயா? சார், இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்லுங்க. குழி தோண்டிட்டா அப்புறம் நகத்த முடியாது.

— யோசிக்காமலா சாக்பீஸால கோடு போட்டு வெச்சிருக்கேன்? அந்தக் கோட்டு மேலதான் கம்பம் வரணும் தம்பி.

— ஒரு விஷயம் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பதினோரு வருஷமா இதான் என் தொழில். வேணும்னா தூக்கி நிறுத்தலாம், வேணாம்னா தரைக்குள்ள இறக்கிடலாம், காரை மறிக்கற இந்த மாதிரிக் கம்பம் மட்டும் நூறுக்கு மேல நட்டிருக்கேன். ஒருத்தர்கூட சரிவுக்கு நட்டநடுவுல கேட்டதில்ல.

— இப்போ ஒருத்தன் கேக்கறான்னு வெச்சுக்கோ.

— கீழ பாருங்க, ரோட்டை ஒட்டி ஆறடிக்கு சமதரை கிடக்கு. அங்கன்னா ஒரே நாள்ல முடிச்சுக் கையக் கழுவிட்டுப் போயிடுவேன்.

— இங்கன்னா?

— மூணு நாள். இந்தப் பாதை ஆறடி நடந்தா ஒரு அடி ஏறுது சார். சரிவுக்கு ஏத்த மாதிரி கம்பத்தச் சாய்ச்சு நட்டா, குடிச்சவன் மாதிரி நிக்கும். தூக்கும்போது உறைக்குள்ள மாட்டிக்கும். அதனால தூக்குக்குண்டு விட்டு நேராத்தான் நடணும். நேரா நட்டா மூடி கீழ்ப்பக்கம் துருத்தும், மேல்பக்கம் பள்ளமாயிடும். அதுக்குச் சுத்தி சின்னதா ஒரு மேடை கட்டி, சரிவோட சரிவா இழைச்சு விடணும். அப்புறம் தண்ணி. மழை பெய்ஞ்சா உங்க மொட்டை மாடித் தண்ணி மொத்தமும் இந்த வழியாத்தான் ஓடும். நேரா குழிக்குள்ள போயி உக்காந்துக்கும்.

— தண்ணிக்கு என்ன பண்ணுவ?

— ஒரு முழம் அதிகமா தோண்டி, அடியில ஜல்லி போட்டு, ஒரு குழாய கீழ்ப்பக்கமா வெளிய எடுத்து விடுவேன். மேல்பக்கம் குறுக்க ஒரு வாய்க்கால் வெட்டுவேன்.

— அதெல்லாம் தெரிஞ்சவன்தானே நீ? அப்போ பண்ணு.

— பண்ணத் தெரியாதுன்னு சொல்லல சார். எதுக்குன்னுதான் புரியல.

— எதுக்குன்னு புரியணும்னு சட்டமா? நான் முப்பத்தொரு வருஷம் ரயில்ல டிக்கெட் செக்கரா இருந்தேன். ஒவ்வொருத்தனும் எதுக்கு எந்த ஊருக்குப் போறான்னு எனக்குப் புரிஞ்சுதா? டிக்கெட்டப் பாத்தேன், ஓட்டை போட்டேன், அடுத்த சீட்டுக்குப் போனேன்.

— கேட் போட்டிருக்கலாமே சார்?

— கேட்டேன். உள்பக்கம் திறந்தா மேட்டுல இடிக்குமாம், வெளிப்பக்கம் திறந்தா ரோட்ட அடைக்குமாம். அதான் உன்னைக் கூப்பிட்டேன். ரெண்டு பக்கமும் மதில், பத்தடி அகலம். நடுவுல ஒரே ஒரு கம்பம் போதும்னு நீதான் போன்ல சொன்ன.

— ஆமா சார். போன புதன்கிழமை காலையில ஆறு மணிக்கு அடிச்சீங்க. பல்லுகூட விளக்கல நான். அவ்ளோ அவசரம்னா வண்டியத் தூக்கிட்டுப் போயிட்டாங்களோன்னு ஓடி வந்தேன். வந்து பாத்தா வண்டி மேல ஜம்முனு நிக்குது.

— இன்னும் தூக்கிட்டுப் போகல. எடுத்துட்டுப் போயி, திருப்பிக் கொண்டுவந்து விடுறாங்க.

— என்னது? திருடிட்டுத் திருப்பி விடுறானா? அப்படி ஒரு திருடனா?

— சிரிக்காத. கண் ஆபரேஷனுக்கப்புறம் டாக்டர் என்னை ஓட்டக் கூடாதுன்னுட்டாரு. எட்டு மாசமா வண்டி சும்மா நிக்குது. ஒரு நாள் பாத்தா டயர்ல ஈரமண்ணு. சும்மா நிக்கற வண்டிக்கு ஏது மண்ணு? டயர் உச்சியில சாக்பீஸால ஒரு புள்ளி வெச்சேன். வெள்ளிக்கிழமை உச்சியில இருந்த புள்ளி சனிக்கிழமை காலையில பக்கவாட்டுல இருந்துச்சு. மறுபடி வெச்சேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனா கீழ இருக்கு. ஆறு வாரமா இதே கதை.

— வீட்டுல யாராவது...

— அதைத்தான் நானும் யோசிக்கறேன். அது கிடக்கட்டும், சாவி எத்தனை குடுப்ப?

— ரெண்டு சார்.

— மூணாவது யார்கிட்ட இருக்கும்?

— மூணாவதே கிடையாது.

— அப்படித்தான் சொல்லுவீங்க. கம்பம் நட்டவன்கிட்ட ஒரு சாவி இல்லாமலா இருக்கும்?

— சார், என்னைச் சந்தேகப்பட்டா நான் இப்பவே மூட்டையக் கட்டிடுவேன். பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? பூட்டு நம்பர் அட்டையில அச்சடிச்சு வரும், அந்த அட்டையும் உங்க கையிலதான் இருக்கும்.

— கோவப்படாத. என் பொழப்பே சந்தேகப்படறதுதான். பழக்கம் விட மாட்டேங்குது.

— உங்களுக்கு மட்டும்தான் சந்தேகம் வருமா? எனக்கும் வருது. போன வருஷம் ஒருத்தர் இப்படித்தான், இடம் இங்கதான்னு ஒத்தக்கால்ல நின்னாரு. போட்டுக் குடுத்தேன். கடைசியில பாத்தா கூடப்பிறந்த தம்பியோட வண்டி வெளிய வராம அடைக்கறதுக்காம். அண்ணன் தம்பி சண்டையில என்னைக் கொண்டுபோயி ஸ்டேஷன்ல சாயங்காலம் வரைக்கும் உக்கார வெச்சாங்க. அதான் கேக்கறேன், யாரையாவது அடைக்கப் போறீங்களா?

— அடைக்கறதுக்கு இந்த வீட்டுல யாரு இருக்கா? நானும் என் சம்சாரமும். இன்னொண்ணு தம்பி. கம்பத்துல மேல் பக்கத்துக்கு ரப்பர் வேணும்.

— எந்த மேல் பக்கம்? தலையிலயா?

— இல்ல. மேட்டுப் பக்கம். வீட்டைப் பாத்த பக்கம். கனமா, மெத்து மெத்துன்னு, இடுப்பு உயரத்துக்கு.

— சார்! இடிச்சா இடிச்சவன் வண்டி நொறுங்கணும்னுதானே கம்பமே போடறது? திருடனுக்கு யாரு சார் மெத்தை தைச்சுப் போடுவாங்க?

— என் வண்டியில கீறல் விழக் கூடாது. அவ்ளோதான். தூக்கி நிறுத்த எவ்வளவு நேரமாகும்?

— பூட்டத் திறந்து, கைப்பிடியப் பிடிச்சு இழுத்தா உள்ள இருக்கற ஸ்பிரிங்கே தூக்கி விட்டுடும். ஆறு நொடி.

— அறுபத்தெட்டு வயசுக்காரன் இழுத்தா?

— பத்து நொடி வெச்சுக்கோங்க.

— ரோட்டுப் பக்கம் நின்னுக்கிட்டு இழுக்க முடியுமா?

— வீட்டுக்காரங்க எல்லாரும் வீட்டுப் பக்கம் நின்னுதான் இழுப்பாங்க. நீங்க எதுக்கு ரோட்டுப் பக்கம்... சரி, விடுங்க. திருப்பி வெச்சா முடியும்.

— ஏங்க, அந்தத் தம்பிய வெயில்லயே நிறுத்தி வெச்சுப் பேசறீங்களே. இந்தாங்க தம்பி, டீ. இன்னும் தோண்ட ஆரம்பிக்கலதானே?

— இல்லம்மா. சார் இடத்தை மாத்த விட மாட்டேங்கறாரு.

— ரொம்ப நல்லது. தோண்டாதீங்க. இவருக்குச் சொன்னா புரியாது, நீங்களாவது சொல்லுங்க. போகவர கால் தடுக்கும், மழைக்கு வழுக்கும். எதுக்குங்க நமக்கு இந்தக் கம்பம்?

— ஏன் இவளே, உனக்கு இதுல என்ன கஷ்டம்?

— எனக்கென்ன கஷ்டம்? நான் ஒண்ணும் சொல்லல. இருக்கறது ஒரு பழைய வண்டி. அதை யாரு எடுத்துட்டுப் போகப் போறாங்க?

— யாருன்னு எனக்குத் தெரியும்.

— தெரியுமா? யாரு?

— அப்புறம் சொல்றேன். முகம் ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?

— அடுப்படியிலேர்ந்து வரேன், வேர்க்காம பனியா கொட்டும்? நான் உள்ள போறேன், பால் பொங்குது.

— பாத்தியா தம்பி. டீ போட்டு எடுத்து வந்தாச்சு, இன்னும் பால் பொங்குதாம்.

— அது உங்க வீட்டு விஷயம் சார். டீ நல்லா இருக்கு.

— உனக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்லவா? ரயில் பெட்டியில ஏறினதுமே எவன்கிட்ட டிக்கெட் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சிடும். ஆனா அவன்கிட்டப் போயி நேரா கேக்க மாட்டேன். கேட்டா பர்ஸ் தொலைஞ்சுதும்பான், பை காணாமப் போச்சும்பான், அழுவான். அவன் பக்கத்துல ஒரு நல்ல மனுஷன் உக்காந்திருப்பான் பாரு, அவனைப் பிடிச்சுத் திட்டுவேன். எங்கய்யா டிக்கெட், இறங்குய்யா கீழன்னு சத்தம் போடுவேன். பாவம், அவன் பையத் தடவுவான். அதைப் பாத்துட்டு நம்ம ஆளுக்கு மனசு கேக்காது. சார், அவரை விடுங்க, நான்தான் டிக்கெட் எடுக்கலன்னு தானா எழுந்து நிப்பான். பத்துக்கு எட்டுப் பேர் எழுந்துடுவாங்க.

— மிச்சம் ரெண்டு பேரு?

— அவங்களத்தான் போலீஸ்ல குடுப்போம். பக்கத்துல இருக்கறவன் அடி வாங்கறதப் பாத்துக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கறவன் கெட்டவன் தம்பி. டிக்கெட் இல்லாதவன் எல்லாம் கெட்டவன் இல்ல.

— நல்லாத்தான் இருக்கு. சரி, வேலையப் பாப்போம். தோண்டறதுக்கு முன்னாடி வண்டிய ஒரு தடவை கீழ இறக்கி மேல ஏத்திப் பாக்கணும். மேடை கட்டினா வண்டியோட அடிவயிறு தட்டுமான்னு தெரியணும்ல? கார் சாவி குடுங்க.

— உன்கிட்டயா?

— பின்ன, நீங்க ஓட்டக் கூடாதே?

— லைசென்ஸ இங்க வை. செருப்பையும் விட்டுட்டுப் போ.

— செருப்பு எதுக்கு சார்?

— செருப்பில்லாம எவ்வளவு தூரம் ஓடுவ? இந்தா சாவி. கண்ணாடிய இறக்கி விட்டுட்டு ஓட்டு, நான் பேசறது உனக்குக் கேக்கணும்.

— அய்யோ, முட்டி! சார், இது என்ன சீட்டு? ஸ்டியரிங்ல வந்து நெஞ்சு இடிக்குது. நீங்க ஆறடி இருக்கீங்க, இதுல எப்படி உக்காந்து ஓட்டுனீங்க?

— நான் ஓட்டும்போது அது கடைசி வரைக்கும் பின்னால இருந்துச்சு.

— கண்ணாடி வேற. இதுல பின்னால வர்ற வண்டி தெரியல, என் முகவாய்தான் தெரியுது. யாரோ குள்ளமா ஒருத்தர்...

— எங்க மாப்பிள்ளை உயரம் எவ்வளவுன்னு தெரியுமா உனக்கு? என் பக்கத்துல நின்னா என் தோளுக்கு வருவான்.

— ஓ. மாப்பிள்ளையா?

— நீ ஓட்டு, சொல்றேன்.

— இறக்கியாச்சு. தட்டல. இப்போ ஏத்தறேன். சார், கொஞ்சம் இங்க வந்து பாருங்களேன். தரையில கறுப்புக் கறுப்பா தடம். நாலு, அஞ்சு... ஏழு இருக்கு. எல்லாமே இந்த ஒரே இடத்துல. யாரோ மேட்டுல பாதி ஏறினதும் வண்டிய நிறுத்திட்டு, மறுபடி கிளப்ப முடியாம பின் டயரத் தேய்ச்சிருக்காங்க. புதுசா ஓட்டறவங்க வேலை. உங்க சாக்பீஸ் கோட்டுக்கு அஞ்சடி மேல.

— ம்.

— இதை முன்னாடியே பாத்தீங்களா?

— எனக்குத்தான் கண் சரியில்லையே தம்பி. நீ வண்டிய மேல நிறுத்திட்டு இரு. நான் உள்ள போயி போன எடுத்துட்டு வரேன். இந்த மாப்பிள்ளைக்கு இன்னிக்கு இருக்கு.

— தம்பி, தம்பி. இங்க வாங்க, இந்தத் தூணுக்கு இந்தப் பக்கம். மெதுவாப் பேசுங்க, இப்போ அவர் காதுல மெஷின் இருக்கு. இலை விழுந்தாக்கூட கேக்கும்.

— சொல்லுங்கம்மா.

— நீங்க நல்ல பிள்ளையா தெரியறீங்க. மூணாவதா ஒரு சாவி செய்ய முடியுமா? அவருக்குத் தெரியாம.

— அம்மா! இப்பத்தான் அவர் அதைச் சொல்லி என்னை உரிச்சு எடுத்தாரு. நீங்களும் ஆரம்பிச்சா எப்படி? ஒரு நிமிஷம். நீங்க என்னம்மா உயரம் இருப்பீங்க?

— எதுக்குக் கேக்கறீங்க?

— சீட்டு முன்னால தள்ளியிருக்கு. கண்ணாடி கீழ சாஞ்சிருக்கு.

— ...நான்தான் தம்பி. சத்தம் போடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— நீங்களா! இந்த வயசுலயா?

— ஏன், இந்த வயசுல கை கால் இல்லையா எனக்கு? கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். கத்துக் குடுத்த பொண்ணுக்கு என் மக வயசு. இருபது கிளாஸ். லைசென்சே வாங்கிட்டேன், அரிசி டப்பாவுக்கு அடியில இருக்கு. செவ்வாயும் வெள்ளியும் சாப்பிட்டுட்டு அவர் ரெண்டு மணிக்குப் படுப்பாரு. காது மெஷினக் கழட்டி வெச்சிட்டாருன்னா தலைமாட்டுல இடி விழுந்தாலும் கேக்காது. நாலு மணி வரைக்கும் எனக்கு ராஜ்ஜியம்.

— எங்கம்மா போவீங்க?

— எங்கயும் இல்ல. பெரிய ரோட்டுல நேரா போவேன், பெட்ரோல் பங்க்ல திரும்பி வருவேன். ஜன்னலத் திறந்து விட்டுக்குவேன். அவ்ளோதான்.

— இதை அவர்கிட்டச் சொன்னா என்ன?

— இருபது வருஷத்துக்கு முன்னாடி சொன்னேன். எனக்கும் கத்துக் குடுங்கன்னு கேட்டேன். வீட்டுல பத்துப் பேர் இருந்தாங்க. உனக்கு இட்டிலித் தட்டயே நேரா வெக்கத் தெரியாதேன்னு சொல்லிச் சிரிச்சாரு. அந்தப் பத்துப் பேரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் எதையும் கேக்கறதில்லன்னு விட்டுட்டேன்.

— சரி, ஓட்டறீங்க. ஆனா இந்த மேடு...

— அதான் என் உயிர எடுக்குது. சமதரையில ராணி மாதிரி போவேன். இங்க வந்தா பாதி மேட்டுல வண்டி நின்னுடுது. பிரேக்லேர்ந்து கால எடுத்தா பின்னால உருளுது. போன செவ்வாய்க்கிழமை அப்படித்தான், உருண்டு ரோட்டுக்கே போயிட்டேன். ஒரு தண்ணி லாரி. ஹாரன அடிச்சுக்கிட்டே வந்து, ஒரு சாண் தள்ளி நிறுத்துனான். அப்புறம் ஒரு வழியா மேல ஏத்தி நிறுத்தினேன்.

— அய்யய்யோ.

— நல்லவேளை, இவர் தூங்கிட்டிருந்தாரு. எழுந்திருச்சதும் டீ குடுத்தேன். ஒண்ணுமே கேக்கல.

— அம்மா, இது விளையாட்டு இல்ல. கம்பம் வந்ததும் உங்களால வண்டிய எடுக்கவே முடியாது.

— அதான் சாவி கேக்கறேன். வெள்ளிக்கிழமை போகலன்னாலே எனக்கு என்னமோ மாதிரி இருக்கு தம்பி. உங்களுக்குச் சொன்னாப் புரியுமோ என்னமோ.

— புரியுது. ஆனா அங்க ஒரு வம்பு நடக்குது. சார் உங்க மாப்பிள்ளைதான் எடுக்கறாருன்னு நெனச்சுட்டிருக்காரு. போன எடுக்கத்தான் உள்ள போயிருக்காரு.

— மாப்பிள்ளையா? கடவுளே! அது வாய் திறந்து பேசாத பிள்ளை ஆச்சே!

— என்ன ரெண்டு பேரும் தூணுக்குப் பின்னால குசுகுசுன்னு?

— ஒண்ணுமில்லங்க. டீக்குச் சக்கரை போதுமான்னு கேட்டுட்டிருந்தேன்.

— டம்ளர் அங்க காலியா கிடக்கு. குடிச்சு முடிச்சவன்கிட்டச் சக்கரை கேக்கறியா? சரி, நீயும் இரு. உன் முன்னாலயே பேசறேன். தம்பி, அந்தத் தடத்த இவளுக்குக் காட்டு.

— சார், அது வந்து... பழைய தடமாக்கூட இருக்கலாம்.

— இப்பத்தான் புதுசுன்ன! ஒரு டம்ளர் டீயில கட்சி மாறிட்டியா? இவளே, கேட்டுக்கோ. உன் அருமை மாப்பிள்ளை, என் வீட்டு வண்டிய, நான் தூங்கற நேரத்துல திருட்டுத்தனமா எடுத்து ஓட்டறான். சீட்டு முன்னால இருக்கு. மேட்டுல ஏத்தத் தெரியல. எல்லாம் பொருந்துது.

— அவர் எதுக்குங்க எடுக்கறாரு? அவருக்கே சொந்தமா வண்டி இருக்கு.

— அதைத்தான் கேக்கப் போறேன். பொண்ணுக்கே போன் போடறேன். உன் புருஷன் திருடன், இனிமே அவன் கால் என் வாசப்படியில படக் கூடாதுன்னு சொல்லப் போறேன்.

— ஏங்க, வேண்டாங்க. அவ வாயும் வயிறுமா இருக்கா. இந்த நேரத்துல இதையெல்லாம் சொல்லலாமா?

— திருட்டுக்கு நேரம் காலம் உண்டா? இதோ, மணி அடிக்குது.

— கட் பண்ணுங்க. சொல்றேன்ல, கட் பண்ணுங்க!

— எடுத்துட்டா. அம்மாடி, நான் அப்பா பேசறேன். உன் புருஷன் இருக்கானே...

— நான்தாங்க! நான்தான் எடுக்கறேன்! அந்தப் பிள்ளைய ஒரு வார்த்தை சொல்லாதீங்க, என்னைத் திட்டுங்க. நான்தான் வண்டி ஓட்டறேன், ஆறு வாரமா நான்தான்!

— ...எழுந்துட்டா பாரு தம்பி.

— என்னது?

— உன்கிட்ட இல்ல. தம்பிகிட்டச் சொல்றேன்.

— சார், உங்க போன் ஸ்கிரீன் கறுப்பாவே இருக்கே. நம்பரே அடிக்கலியா?

— பக்கத்து சீட்டுக்காரனைத் திட்டறதுக்கு எதுக்கு நம்பர்?

— என்னங்க சொல்றீங்க ரெண்டு பேரும்? எனக்குப் புரியல.

— அம்மா, சாருக்கு முன்னாடியே தெரியும். உங்க வாயால சொல்ல வைக்கத்தான் மாப்பிள்ளையத் திட்டினாரு. டிக்கெட் செக்கர் வேலை.

— தெரியுமா? எத்தனை நாளா?

— ரெண்டாவது வாரத்துலேர்ந்து. சீட்டப் பாத்தேன், கண்ணாடியப் பாத்தேன். அதுல குங்குமம் ஒட்டியிருந்துச்சு. எந்தத் திருடன்டி குங்குமம் வெச்சுட்டு வருவான்?

— அப்போ ஒரு மாசமா என்னைப் பாத்துப் பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சுட்டிருந்தீங்க. அப்படித்தானே?

— சிரிக்கல.

— நாக்குக் கூசாம ஒரு நல்ல பிள்ளையத் திருடன்னு சொல்லி, அடிக்காத போனக் காதுல வெச்சுக்கிட்டு... என்ன மனுஷன் நீங்க! கேக்கணும்னா நேரா கேட்டிருக்கலாமே?

— கேட்டா நிறுத்தியிருப்ப.

— சொல்லியிருந்தா நீங்க சிரிச்சிருப்பீங்க.

— ...ஆமா. ஒரு தடவை சிரிச்சேன். பத்துப் பேர் முன்னால. மறக்கல நான். நீயா வந்து சொல்லுவன்னு தினமும் டீ குடிக்கும்போதெல்லாம் உக்காந்திருந்தேன். நீ சொல்லல. எனக்கும் ரோஷம் இருக்குல்ல?

— நல்லா இருக்கு உங்க ரோஷம். இனிமே என்ன, வண்டிச் சாவியப் பிடுங்கி வெச்சுக்கப் போறீங்க. கம்பத்தையும் நட்டுப் பூட்டப் போறீங்க. உங்களுக்காகக் கத்துக்கிட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத்தான்னு சொன்னா மனசு இளகுவீங்க, தெரியும். ஆனா அது பொய். எனக்கே ஆசை. எனக்காகத்தான் கத்துக்கிட்டேன்.

— சரி.

— என்ன சரி?

— உனக்காகன்னு சொன்னியே, அதுக்குச் சரி.

— சார், நடுவுல பேசறேன்னு நெனைக்காதீங்க. திருடனே இல்லன்னு ஆயிடுச்சு. அப்போ நான் சாமானெல்லாம் ஏத்திட்டுக் கிளம்பவா?

— யாரு கிளம்பச் சொன்னது? தோண்டு.

— எங்க?

— கோட்டு மேல. அதே இடத்துல.

— அதே இடமா? திருடன் இல்லாத வீட்டுக்குக் கம்பம் எதுக்கு? அதுவும் நட்டநடு மேட்டுல, மேல் பக்கத்துல ரப்பர் வெச்சு, ரோட்டுப் பக்கம் நின்னு தூக்கற மாதிரி... சார். ஒரு விஷயம். சார்!

— கண்டுபிடிச்சிட்டியா?

— இது உள்ள வர்றவனத் தடுக்க இல்லவே இல்ல.

— என்ன தம்பி சொல்றீங்க? விளங்கற மாதிரி சொல்லுங்க.

— அம்மா, நீங்க ரோட்லேர்ந்து ஏறி வந்து, இறக்கி வெச்ச கம்பத்தைத் தாண்டி, வழக்கமா திணறுவீங்களே அந்த இடத்துல நிறுத்துவீங்க. சார் உங்களுக்குப் பின்னால நின்னு கம்பத்தத் தூக்கி விட்டுடுவாரு. அதுக்கப்புறம் கால எடுத்தா வண்டி ரெண்டடி உருண்டு வந்து ரப்பர்ல சாஞ்சுக்கும். ரோட்டுக்குப் போகாது.

— எத்தனை தடவை வேணும்னாலும் உருளட்டும். மேட்டுல கிளப்பப் பழகற வரைக்கும் தினமும் நிக்கறேன். பத்து நொடிதானே. தம்பி, சாவி ரெண்டும் எங்க ரெண்டு பேருக்கும். மூணாவது வேணாம்.

— அது இருக்கட்டும். நான் உருண்டு ரோட்டுக்குப் போனது உங்களுக்கு எப்படித் தெரியும்? தம்பி, நீங்க சொன்னீங்களா?

— சத்தியமா இல்லம்மா! நீங்க சொல்லி இன்னும் அரை மணி நேரம்கூட ஆகல. சார் என்னைக் கூப்பிட்டது போன புதன்கிழமை காலையில, நீங்க உருண்டதுக்கு மறுநாளே.

— ஏங்க, சொல்லுங்க. நான் படுக்கை அறையில வந்து பாத்துட்டுத்தானே போனேன்? மெஷின் டப்பாவுல இருந்துச்சு, நீங்க நல்லாத் தூங்கிட்டிருந்தீங்களே?

— தூங்கிட்டுத்தான் இருந்தேன், ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பாத்தது அப்புறம். அந்த லாரிக்காரன் அடிச்ச ஹாரன், மெஷின் இல்லாமலே எனக்குக் கேட்டுச்சுடி.